சண்டைச் சான்றிதழ்

உலகத்தில் இதுவரை நடந்த அத்தனை போர்களுக்கும் காரணம் ஒன்றே ஒன்றுதான்: மனிதர்கள் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசியது. அந்தப் பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் இருந்த இஸ்திரிக்காரர் நெடுங்காலம் ஆராய்ந்து கண்டுபிடித்த உண்மை இது. ஆராய்ச்சிக்கு அவர் பயன்படுத்திய கருவிகள் சூட்டு உருளை ஒன்றும் படுக்கை விரிப்புகள் ஏராளமும். மருத்துவமனை வாசலில் இருந்த டீக்கடையில் யார் சிக்கினாலும் இதை விளக்காமல் விடமாட்டார்.

"ரெண்டு ராஜா இருந்தாங்கன்னு வைங்க. அவனவன் ஊர்ல அவனவன் சும்மா கிடந்தா சண்டை வருமா? வராது. எவனோ ஒருத்தன் நடுவுல பூந்து, வாங்க, உக்காந்து மனசுவிட்டுப் பேசுங்கன்னு சொல்லியிருப்பான். பேசினாங்க. அவ்வளவுதான், முடிஞ்சுது கதை. எங்க கூடத்துக்கு வந்து பாருங்க. நாலு பேரு. இன்னிவரைக்கும் ஒரு முகச்சுளிப்பு கிடையாது. ஏன்? ஒருத்தரும் ஒண்ணும் பேசறதில்ல."

"நீங்க இவ்வளவு பேசறீங்களே?" என்பார் டீக்கடைக்காரர்.

"இது வெளியில. உள்ள மூச்சு விடமாட்டேன்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. சலவைக்கூடம் கட்டடத்தின் அடித்தளத்தில், சமையலறைக்கும் பிணவறைக்கும் நடுவில் இருந்தது. நாள் முழுக்க நீராவி. அழுக்குத் துணி ஒரு கதவு வழியாக வரும், வெளுத்த துணி இன்னொரு கதவு வழியாகப் போகும், இரண்டுக்கும் நடுவில் நான்கு பேர் கரைந்துகொண்டிருப்பார்கள். துவைக்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் இடி அண்ணன் என்றார்கள். அந்த இரைச்சலோடு காலம் தள்ளியதில் அவருக்குக் காது கொஞ்சம் போய்க் குரல் நிறைய வந்திருந்தது. அவர் "சாப்டாச்சா?" என்று கேட்டால் மேல்மாடி நோயாளிகள் "ஆச்சு" என்பதாக ஒரு பேச்சு உண்டு. தள்ளுவண்டியில் துணியை வார்டு வார்டாகக் கொண்டுபோனவர் ஆமாங்க. மழை பெய்கிறது என்றாலும் "ஆமாங்க" என்பார், பெய்யவில்லை என்றாலும் "ஆமாங்க" என்பார். பிள்ளைகுட்டிக்காரர், ஒருவரையும் மறுத்துப் பேசி வீண் செலவு செய்ய அவரிடம் தெம்பு இல்லை. நான்காவது ஆள் தையலக்கா. கிழிந்த விரிப்புகளைத் தைப்பது அவர் வேலை. மடிக்கும் நேரத்தில் இஸ்திரிக்காரருக்கு எதிர்முனையில் நிற்பதும் அவரே.

உருளையிலிருந்து சூடாக வெளிவரும் விரிப்பின் ஒரு பக்கத்தை இவர் பிடிப்பார், மறுபக்கத்தை அவர் பிடிப்பார். இருவருக்கும் ஒரு பாஷை இருந்தது. முனையை ஒரு முறை சுண்டினால் கறை போகவில்லை, திரும்பத் துவைக்கப் போடு. இரண்டு முறை சுண்டினால் கிழிசல், தையலுக்கு ஒதுக்கு. சுண்டாவிட்டால் நடந்து வா, மடிப்போம். இதற்கு மேல் இரண்டு மனிதர்களுக்கு நடுவில் சொல்ல என்ன இருக்கிறது என்பது இஸ்திரிக்காரரின் கேள்வி.

சொல்லப்படாத விஷயம் ஒன்று இருக்கத்தான் செய்தது. கொஞ்ச காலமாகத் தையலக்காவின் வலது மணிக்கட்டில் பிடிமானம் இல்லை. கடைசி மடிப்பில் அவர் பக்கத்து முனை நழுவிக் கோணிக்கொள்ளும். அவர் தையல் இயந்திரத்தின் பக்கம் திரும்பியதும், இஸ்திரிக்காரர் அந்த மடிப்பைச் சத்தமில்லாமல் பிரித்து நேராக்கி அடுக்குவார். இடி அண்ணனுக்கு இது தெரியும். ஆமாங்கவுக்கும் தெரியும். அக்காவுக்குத் தெரியவேண்டாம் என்று மூவரும் ஒரு வார்த்தை பேசாமல் முடிவு செய்திருந்தார்கள். அவருக்கு ஓய்வு பெற அதிக காலம் இல்லை. அதற்குள் வேறு பிரிவுக்கு மாற்றினால் உடல் தகுதிச் சோதனை நடக்கும், மணிக்கட்டைப் பார்த்தால் பாதியிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆகவே அவர் இங்கேயே, இந்த நீராவிக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் நிர்வாகத்துக்குள் சில வருஷங்களுக்கு முன் முளைத்திருந்த குழு மேம்பாட்டுப் பிரிவின் கண் சலவைக்கூடத்தின் மேல் விழுந்தது.

அதன் அலுவலர் ஒரு நாள் கோட்டும் கோப்புமாகக் கீழே இறங்கி வந்தார். நீராவியில் மூக்குக்கண்ணாடி மங்கியதால் யாரையும் சரியாகப் பார்க்காமல், ஆனால் மிகுந்த கவனத்தோடு, நெடுநேரம் நின்றார்.

"உங்களுக்குள்ள கடைசியா எப்போ கருத்து வேறுபாடு வந்தது?"

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சாப்டீங்களா?" என்று இடி அண்ணன் விசாரித்தார்.

அலுவலர் இரண்டடி பின்னால் போய் நம்பிக்கையோடு பேனாவை எடுத்தார். "இப்போ நீங்க என்மேல கோபப்பட்டீங்களா?"

"அவரு சாப்டீங்களான்னு கேக்கறாரு சார்," என்றார் தையலக்கா.

அலுவலர் பேனாவை மூடினார். முகம் வாடிவிட்டது. ஒரு துணி மூட்டையின் மேல் உட்கார்ந்து, கெட்ட செய்தி சொல்லும் டாக்டரின் குரலில் விளக்கினார்.

"எந்தக் குழுவா இருந்தாலும் நாலு கட்டம் தாண்டணும். சந்திப்பு, சண்டை, சமரசம், சாதனை. நாலு 'ச'. இது விஞ்ஞானம், நான் சொல்றதில்ல. நீங்க சந்திச்சிருக்கீங்க, அதுக்கு ஆதாரம் இருக்கு. சண்டை போட்டதுக்கு ஒரு துளி ஆதாரம் இல்ல. ரெண்டாம் கட்டம் முடியாம மூணும் நாலும் வர முடியாது. ஆக, நீங்க இன்னும் ஒரு குழுவே ஆகல."

"அப்போ இத்தனை நாளா துணி வெளுத்தது?" என்றார் இஸ்திரிக்காரர்.

"தனித்தனி மனுஷங்க, தற்செயலா, ஒரே இடத்துல செஞ்ச வேலை."

ஆமாங்க "ஆமாங்க" என்றார்.

மாதக் கடைசிக்குள் தேர்வாளர்கள் முன்னிலையில் ஒரு முறையான சண்டை போட்டுச் சான்றிதழ் பெறாவிட்டால் இந்தத் தற்செயல் கலைக்கப்படும் என்றார் அலுவலர். இடி அண்ணன் ஆக்சிஜன் கிடங்குக்கு, ஆமாங்க பிணவறை வண்டிக்கு, இஸ்திரிக்காரர் பார்வையாளர் சீட்டுக் கொடுக்கும் ஜன்னலுக்கு. "அம்மாவை உடல் தகுதிச் சோதனைக்கு அனுப்பி, எங்க போடலாம்னு பார்ப்போம்."

தையலக்கா வலது கையை மெல்ல முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். அதைப் பார்க்காததுபோல் மூன்று பேர் மூன்று திசையில் பார்த்தார்கள்.

மறுநாள் இஸ்திரிக்காரர் விலக்குக் கேட்க மேலே போனார். கதவில் 'இணைந்தே இயங்குவோம்' என்று எழுதியிருந்தது. உள்ளே மூன்று மேசைகள் மூன்று சுவர்களைப் பார்த்துப் போடப்பட்டிருந்தன. மூன்று அலுவலர்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நிற்க இடம் போதாமல் இஸ்திரிக்காரர் ஒருக்களித்து நின்றார்.

"நல்ல நேரத்துக்கு வந்தீங்க," என்றார் கீழே வந்த அலுவலர், திரும்பாமல். "அவர்கிட்ட ஜன்னலைச் சாத்தச் சொல்லுங்க."

அந்த 'அவர்' கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தார். இருந்தாலும் பெரிய இடம் என்பதால் இஸ்திரிக்காரர் திரும்பி, "சார், ஜன்னலைச் சாத்தணுமாம்," என்றார்.

"காத்து அவருக்குத்தான் ஒத்துக்காது, எனக்கு ஒத்துக்கும்னு சொல்லுங்க."

"சார், அவருக்கு ஒத்துக்குமாம்."

"நான் இதுல தலையிடறதில்லன்னு ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிடுங்க," என்றார் மூன்றாமவர்.

அதையும் இரண்டு பக்கமும் திரும்பிச் சொன்னார். தலை சுற்றியது. கடைசியில் தாமே எட்டி ஜன்னலைச் சாத்தினார். மூன்று நாற்காலிகளும் ஒரே சமயத்தில் திரும்பின. அந்தப் பிரிவு ஒன்றாகச் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க!" என்றார் அலுவலர். "இந்த ஜன்னல்ல எவ்வளவு உழைப்பு இருக்கு தெரியுமா? பிரிவு ஆரம்பிச்ச வாரமே நாங்க ரெண்டாம் கட்டத்தைத் தொட்டோம். அன்னியிலேருந்து ஒரு நாள்கூடப் பின்வாங்கினதில்ல. மத்த ஆஸ்பத்திரிலேருந்தெல்லாம் வந்து எங்களைப் பார்த்துட்டுப் போறாங்க."

"மூணாம் கட்டம் எப்போ சார்?"

"அவசரப்படக் கூடாது," என்றார் அலுவலர். அவர் கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார். பிறகு எழுந்து ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு உட்கார்ந்தார்.

விலக்குக் கிடைக்கவில்லை. பதிலாகப் பயிற்சி கிடைத்தது. செவிலியர்கள் பாடம் கேட்கும் அறையில், கம்பியில் தொங்கும் எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் நால்வரையும் உட்காரவைத்து, சண்டையை நாகரிகமாகத் தொடங்கும் முறையை அலுவலர் சொல்லிக்கொடுத்தார். வலது கையை நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு மூன்று வரி. 'நீங்க இப்படிச் செஞ்சப்போ.' 'எனக்கு இப்படி இருந்துச்சு.' 'எனக்கு உங்ககிட்ட வேண்டியது இது.' இதற்கு மனம்விட்டுப் பேசும் முறை என்று பெயர். நடுவில் யாரும் குறுக்கிடக் கூடாது.

முதலில் ஆமாங்க எழுந்தார். கையை நெஞ்சில் வைத்தார். "அண்ணன், நீங்க துணியைக் கட்டிக் குடுத்தப்போ, எனக்கு நல்லா இருந்துச்சுங்க. எனக்கு உங்ககிட்ட வேண்டியது ஒண்ணும் இல்லீங்க."

"தோல்வி," என்றார் அலுவலர்.

இடி அண்ணன் தம் மூன்று வரியைச் சொல்லி முடித்தபோது எலும்புக்கூடு மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. தையலக்கா, "எனக்கு எப்படி இருந்துச்சுன்னு எனக்கே தெரியாது சார். வீட்டுக்குப் போற வரைக்கும் கால் வலி, போனப்புறம் தூக்கம்," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். இஸ்திரிக்காரர் சிரிப்பை அடக்குவதற்காக எலும்புக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை டீக்கடையில் கூட்டம் கூடிவிட்டது. இஸ்திரிக்காரர் கண்ணாடி டம்ளரை ஒரு கையில் பிடித்து, மறுகையை நெஞ்சில் வைத்து, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டார்.

"டீக்கடைக்காரரே! நீங்க இதுல சர்க்கரை போடாம குடுத்தப்போ, எனக்கு அநாதைப் பிள்ளை மாதிரி இருந்துச்சு. எனக்கு உங்ககிட்ட வேண்டியது ஒரு ஸ்பூன்!"

ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் சிரித்துச் சிரித்துப் புரையேறினார்கள். "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்றார்கள். ஆறாத டீக்காக, பாக்கிச் சில்லறைக்காக, மேலே பறந்த காக்கைக்காக அவர் மனம்விட்டுப் பேசினார். வீட்டிலும் மனைவியிடம் நடித்துக் காட்டினார். அவள் சிரிக்கவில்லை.

"நல்லாத்தானே இருக்கு," என்றாள் காய் நறுக்கிக்கொண்டே. "மூணே மூணு வரி. உங்களால முடியுமா?"

"அட போம்மா. இதெல்லாம் வேலை வெட்டி இல்லாதவன் செய்றது."

அவள் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. அவர் அதை அமைதி என்று எடுத்துக்கொண்டார்.

தேர்வு நாள் நெருங்க நெருங்கச் சாப்பாட்டு வேளையில் ஒத்திகை நடந்தது. மின்விசிறியை யார் நிறுத்தினார் என்பது சண்டைக்கான பொருள். யார் மனதும் புண்படாத பொருளாக வேண்டும் என்று தையலக்காதான் அதைத் தேர்ந்தெடுத்தார்.

"நீதானே ஃபேனை நிறுத்தினே? சோம்பேறி!" என்று இஸ்திரிக்காரர் பாய்ந்தார்.

"ஆமாங்க," என்றார் ஆமாங்க.

"ஆமாங்கன்னா எப்படிடா சண்டை வரும்? இல்லைன்னு சொல்லு!"

"ஆமாங்க, இல்லைங்க."

தையலக்கா தலையில் அடித்துக்கொண்டு இஸ்திரிக்காரர் பக்கம் திரும்பினார். "ஏன் தம்பி, நீ வீட்ல சண்டையே போட்டதில்லையா? அதே மாதிரி இங்கயும் போடேன்."

"வீட்ல நான் போடறதில்லக்கா. வாங்கிக்கறது மட்டும்தான்."

"அதான் வெளியில வந்து ராஜா கதை சொல்றியா?" என்று அக்கா கேட்டதும் நால்வரும் சிரித்துவிட்டார்கள். நீராவிக்கு நடுவில், விரிப்பு மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அதை மட்டும் மேலிடம் பார்த்திருந்தால் அன்றைக்கே கலைத்திருக்கும்.

தேர்வன்று மூன்று அலுவலர்களும் கீழே வந்தார்கள். ஒருவருக்குப் பின் ஒருவராக, ஓர் ஆள் உயர இடைவெளி விட்டு வந்தார்கள். அவர்களுக்குள் பேச்சு இல்லாததால் ஒவ்வொரு கேள்வியையும் மூவரும் தனித்தனியாகக் கேட்டார்கள். பெயர்ப் பதிவுக்கே அரை நாள் போயிற்று. பிறகு ஒரு செவிலியர் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவிகள் நான்கைக் கொண்டுவந்து நால்வர் கையிலும் பட்டையைச் சுற்றினார்.

"உணர்ச்சி நிஜமா, நடிப்பான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?" என்றார் அலுவலர் பெருமையாக. "நல்ல வேளை, இது ஆஸ்பத்திரியாப் போச்சு."

இடி அண்ணனுக்கு எப்போதுமே கொதிப்பு அதிகம். வாய் திறக்கும் முன்பே அவருடைய கருவியின் ஊசி ஏறி நின்றது. அலுவலர்கள் மகிழ்ந்து குறித்துக்கொண்டார்கள். ஆனால் மற்ற மூன்று ஊசிகளும் அசையவில்லை. மின்விசிறிச் சண்டை தொடங்கியது. இஸ்திரிக்காரர் குற்றம் சாட்டினார். ஆமாங்க ஒப்புக்கொண்டார். தையலக்கா, "காத்து வேணும்னா சொல்லியிருக்கலாமே," என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். ஆமாங்கவின் ஊசி இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது. அவருக்குத் தூக்கம் வந்துகொண்டிருந்தது.

அலுவலர் கோப்பை மூடினார்.

"போலி. நானும் இத்தனை வருஷமா சண்டையில இருக்கறவன், எனக்குத் தெரியாதா? அடிவயித்துலேருந்து வரணும். வரலைன்னா முதல் தேதியிலேருந்து ஆளுக்கொரு பக்கம். அம்மாவை நாளைக்கே சோதனைக்கு அனுப்புங்க."

இஸ்திரிக்காரர் அக்காவைப் பார்த்தார். பட்டை சுற்றிய வலது கை மடியில் கிடந்தது. ஏதாவது செய்ய வேண்டும், உடனே செய்ய வேண்டும். உண்மையான ஒன்றைச் சொன்னால் போதும், சின்னதாக ஒன்று. அக்கா புரிந்துகொள்வார், எதைத்தான் புரிந்துகொள்ளவில்லை? இவ்வளவையும் யோசித்தார். நாக்கு யோசிக்கக் காத்திருக்கவில்லை.

"காத்து கிடக்கட்டும்! நீங்க மடிக்கற மடிப்பு ஒண்ணாவது நேரா இருக்கா? நீங்க அந்தப் பக்கம் திரும்பினதும் ஒவ்வொண்ணையும் பிரிச்சுத் திரும்ப மடிக்கறது யாருன்னு நினைச்சீங்க? நான்! இவங்க ரெண்டு பேருக்கும் தெரியும். உங்களுக்கு மட்டும்தான் தெரியாது!"

பழக்கதோஷத்தால் ஆமாங்க தலையாட்டினார்.

"ஆமாங்க."

தையலக்காவின் ஊசி நகர்ந்தது. மெதுவாக ஏறி, இடி அண்ணனுடையதைத் தாண்டி, இன்னும் மேலே போயிற்று. மூன்று அலுவலர்களும் குனிந்து அதையே பார்த்தார்கள். செவிலியர் பார்த்தார். இஸ்திரிக்காரரும் பார்த்தார். யாரும் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இடது கையால் பட்டையைப் பிரித்தார். அதை நான்காக மடித்து மேசைமேல் வைத்தார். எழுந்து தையல் இயந்திரத்துக்குப் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்து தைக்கத் தொடங்கினார்.

"மௌனம்!" என்றார் அலுவலர், தழுதழுத்த குரலில். "இதுதான் உச்சம். இந்தத் தரத்துல ஒரு மௌனம் வாங்க எனக்கு என் சக அலுவலர்கிட்ட எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? நீங்க ஒரே நாள்ல!"

மூவரும் கலந்து பேசாமலே முழு மதிப்பெண் போட்டார்கள்.

சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தில் வந்தது. கூடவே ஒரு கேடயம். சிறந்த குழு என்று மற்றப் பிரிவுகளிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் பார்த்தது இது: தையலக்கா விரிப்பின் ஒரு முனையைச் சுவர்க் கொக்கியில் மாட்டி, மறுமுனையை இடது கையில் பிடித்துத் தனியாக மடித்துக்கொண்டிருந்தார். முன்பு மூன்று விரிப்பு மடித்த நேரம் இப்போது ஒன்றுக்கே ஆயிற்று. மடித்ததைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பார், பிரிப்பார், திரும்ப மடிப்பார். இஸ்திரிக்காரர் இன்னொரு மூலையில் மேசைமேல் போட்டுத் தனியாக மடித்தார். இடி அண்ணன் சத்தமே போடவில்லை. மேல்மாடி நோயாளிகள் அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று விசாரித்து அனுப்பினார்கள். ஆமாங்க எதற்கும் வாயைத் திறக்கப் பயந்து தலையை மட்டும் அசைத்தார். வார்டுகளில் விரிப்புக்குத் தட்டுப்பாடு வந்தது.

ஒரு நாள் இஸ்திரிக்காரர் அக்காவுக்கு எதிரே போய்க் கொக்கியிலிருந்து முனையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். சுண்டப் போனவர் நிறுத்திக்கொண்டார். கறைக்குச் சுண்டல் உண்டு, கிழிசலுக்கு உண்டு. இதற்கு எத்தனை முறை சுண்டுவது என்று இருவரும் பேசி வைத்திருக்கவில்லை. அக்கா அவர் கையிலிருந்த முனையை வாங்கித் திரும்பக் கொக்கியில் மாட்டினார்.

இஸ்திரிக்காரர் மறுபடியும் மாடி ஏறினார்.

"சார், ரெண்டாம் கட்டம் முடிஞ்சுது. மூணாம் கட்டத்துக்கு எப்போ வருவீங்க? அந்தச் சமரசம்?"

அலுவலர் சுவரைப் பார்த்தபடியே சிரித்தார். "அதுக்கு இந்த வருஷம் நிதி இல்லங்க. போன வருஷமும் இல்ல. உங்களை நேரா நாலாம் கட்டத்துல சேர்த்தாச்சு, கேடயம் வந்திருக்குமே?"

"வந்துச்சு சார். வேலைதான் நடக்கல."

"சாதனைக் கட்டத்துல கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். எங்களைப் பாருங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்களுக்கு ஏதாவது வழி கிடைச்சா... எனக்கும் சொல்லுங்க. எழுத்துல வேண்டாம்."

கீழே வந்தபோது இடி அண்ணன் அவரை இயந்திரத்துக்குப் பின்னால் இழுத்துப் போய் ரகசியம் சொன்னார். ரகசியம் சமையலறை வரை கேட்டது.

"அக்கா இந்த மாசத்தோட நின்னுக்கறாங்களாம்! ஓய்வு வரைக்கும் இருக்க மாட்டாங்களாம்! நம்ம மூஞ்சியப் பார்க்கப் பிடிக்கலையாம்! நான் சொன்னேன்னு சொல்லாதே!"

தையல் இயந்திரத்தின் சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி ஓடியது.

மத்தியானம் இடி அண்ணனும் ஆமாங்கவும் சாப்பிடப் போனார்கள். போகும்போது ஆமாங்க கதவை வெளியிலிருந்து மெல்லச் சாத்தினார். இஸ்திரிக்காரர் உருளையை அணைத்தார். சூடு இறங்கும்போது அது முனகும், அந்த முனகல் அடங்கும்வரை நின்றார். பிறகு போய்த் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார். டீக்கடையில் ஊற்றெடுக்கும் பேச்சு ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

"அக்கா."

இயந்திரம் ஓடியது.

"நான் அன்னிக்கு அப்படிச் சொன்னப்போ..."

வலது கை தானாக நெஞ்சுக்கு ஏறியது. வெட்கப்பட்டுக் கீழே இறக்கினார். அது மறுபடி ஏறியது.

தையலக்கா மிதியிலிருந்து காலை எடுத்தார். "என்ன தம்பி, நெஞ்சு வலியா? மேல டாக்டர் இருக்காங்க, போய்ப் பாரு."

"இல்லக்கா. அப்படிச் சொன்னப்போ உங்க முகத்தைக்கூட நான் பார்க்கல. எல்லாரும் ஊசியப் பார்த்தாங்க. நானும் ஊசியத்தான் பார்த்தேன். அப்புறம் பார்த்தேன். உங்க முதுகுதான் தெரிஞ்சுது. எனக்கு... எனக்கு அதுலேருந்து சோறு இறங்கல."

அக்கா நூலின் முனையைப் பல்லால் கடித்துத் துப்பினார். சன்னமாகத்தான் பேசினார்.

"சாயந்தரம் கிளம்பறப்போ அடுக்கைப் பார்ப்பேன். எல்லாம் நேரா இருக்கும். பரவாயில்லையே, கை இன்னும் கேக்குது, ஓட்டிடலாம்னு நினைச்சுக்கிட்டு பஸ் ஏறுவேன். தினமும். அவ்வளவு சந்தோஷமா ஏறுவேன்டா."

இஸ்திரிக்காரருக்குத் தலை நிமிரவில்லை. கூரைக் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. அக்கா ஊசியில் நூல் கோர்க்க முயன்றார், தப்பியது. மறுபடி முயன்றார். இஸ்திரிக்காரர் உதவிக்குக் கை நீட்டவில்லை, இந்த முறை கேட்காமல் எதையும் செய்யக்கூடாது என்று உட்கார்ந்திருந்தார். நாலாவது தடவையில் நூல் நுழைந்தது.

"ரெண்டு வரி ஆச்சு," என்றார் அக்கா, ஊசியைப் பார்த்தபடியே. "மூணாவது ஒண்ணு இருக்குல்ல?"

"ஐயோ அக்கா, அது நான் டீக்கடையில கேலிக்குச் சொல்றது."

"பரவாயில்ல. சொல்லு. தைக்கறதுக்குக் கிடக்கு எனக்கு."

அவர் கதவைப் பார்த்தார். யாரும் இல்லை. நெஞ்சில் இருந்த கையை எடுக்கவில்லை. மூட்டைமேல் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டு, கூடத்துக்கு வெளியே கேட்டுவிடாத குரலில் ஆரம்பித்தார்:

"எனக்கு உங்ககிட்ட வேண்டியது..."